பாக்கெட்டில் இருந்த கை

அம்மாவுக்கு, பிரிஸ்பேனிலிருந்து மாகா. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். விரலில் சின்னச் சூடு, அவ்வளவுதான்.

நம் ஹாபாய் தீவின் சோலார் மின்சாரத்துக்காக நான் செய்த இன்வெர்ட்டர் நேற்று சோதனையில் வெடித்துவிட்டது. கெப்பாசிட்டரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தது நான்தான்.

"யாருப்பா கனெக்‌ஷன் கொடுத்தது?" என்று பேராசிரியர் கத்தினார். நான் சூடுபட்ட கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன். டெக்னீஷியன் ப்ரான்வின், "என் தப்புதான், சரியா பார்க்காம விட்டுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "பாக்கெட்டுலேர்ந்து கையை எடுடா, மருந்து போடணும்" என்றார்.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச எழுந்தால், எப்படியாவது உட்காரவைத்துவிடுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

மாகா