பூட்டிய படலையும் ஜோம்பிப் படமும்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அப்பாவுக்கு மறதி நோய். எப்போதோ விற்றுவிட்ட வவுணதீவு வீட்டுக்குப் போகிறேன் என்று தினமும் கிளம்பிவிடுகிறார். அதனால் வாசல் படலையைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டிருக்கிறேன். அவரைத் தனியே விட்டு நானும் எங்கும் போவதில்லை. எனக்கென்று இருப்பது கைப்பேசியும் ஜோம்பிச் சிரிப்புப் படங்களும்தான். வெறும் பேய்ப்படம் என்றால் எனக்குப் பயம். இதில் எழுந்து நடக்கும் பிணங்கள் வெளியே கதவை இடிக்கும்போது, உள்ளே இருப்பவர்கள் அலுமாரியை முட்டுக் கொடுத்துவிட்டு, யார் தேத்தண்ணி ஊற்றுவது என்று சண்டை பிடிப்பார்கள். அடைபட்டுக் கிடந்தும் சிரிக்கலாம் என்று எனக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

இன்று பின்னேரமும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். படலையை உலுக்கிக் களைத்துப்போன அப்பா பக்கத்தில் வந்து இருந்தார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

“ஆரு புள்ள அதுகள்?”

“செத்த ஆக்கள் அப்பா. கடிக்க வருகுதுகள்.”

“கடிக்கவா? சும்மா இரு. பாவம், ஊட்டுக்குப் போற வழி தெரியாம வந்து நிக்குதுகள். கதவத் திறந்து விடன் புள்ள.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் கழுத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் தப்பினார்களா என்று தெரியவில்லை. படுத்தால் சாவி நெஞ்சில் உறுத்துகிறது. கழற்றி வைக்கவும் பயமாக இருக்கிறது.