பத்துப் பேரோட ஆடுன பைனல்

அன்புள்ள வர்ஷினி கண்ணுக்கு அம்மா எழுதறது. இங்க நானு, அப்பா, உங்கண்ணன் மிதுன் எல்லாரும் நல்லா இருக்கறோம், நீயும் நல்லா இருக்கோணும்னு மருதமலை முருகனக் கும்புட்டுத்தான் பேனாவ எடுத்தேன். போன்ல பேசுனா நீ அழுதுபோடற, உன்னப் பாத்து நானும் அழுதுபோடறேன், சொல்ல வந்ததச் சொல்லாமயே போன வெச்சுப்போடறோம். அதான் இதை எழுதி, மிதுன உட்டுப் போட்டோ புடிச்சுத் தாட்டிவுடச் சொல்லியிருக்கறேன். நிதானமாப் படி.

உங்கண்ணன் கல்யாண வேலையெல்லாம் நல்லபடியா நடக்குது. சரவணம்பட்டி மண்டபத்துக்காரரு சாப்பாட்டு ஹாலுக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சுட்டாரு. பத்திரிகை வெக்க அலைஞ்சு அப்பாவுக்குக் கால் வீங்கிக் கெடக்குது, சொன்னாக் கேக்கறதில்லை. பொண்ணு ஹர்ஷிணி நேத்து பேசுனா, நல்ல புள்ளை, உங்கண்ணனுக்குத் தகுந்த வாயும் இருக்குது. சரி, விசயத்துக்கு வாரேன். முகூர்த்தத்தன்னிக்கே உனக்கு ஜெர்மனியில பிஎச்டி வைவா வந்து உழுந்துருச்சு. இப்ப உட்டா அடுத்த தேதி எப்பன்னே தெரியாது, கெடைச்ச வேலையும் கையவுட்டுப் போயிரும்னு நீயேதான் சொன்ன. அப்பறமும், இணைச்சீருக்கு மாப்பிள்ளை பக்கத்துல நிக்கக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதானே, நான் வராட்டி சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு டிக்கெட்டப் போட்டு வெச்சிருக்கற. அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணு கண்ணு. கோவத்துல சொல்லலை, ஏன்னு சொல்றேன் கேளு.

நான் காலேஜுல பந்து ஆடுனேன்னு சொன்னா நீயும் மிதுனும் சிரிப்பீங்க, இந்த ஒடம்பா ஓடுச்சுன்னு. ஓடுச்சு அம்மணி! எண்பத்தெட்டுல எங்க காலேஜுல பொம்பளப் புள்ளைக புட்பால் டீம்னு ஒண்ணு இருந்துது. மொத்தமே பதினொண்ணு பேரு, மாத்தாளுன்னு ஒருத்தியும் கெடையாது, ஒருத்திக்குக் காய்ச்சல்னா மத்த பத்துப் பேரும் கசாயத்தோட அவ ஊட்டுக்கு ஓடுவோம். பாவாடைக்குள்ள டிராக் பேண்ட் போட்டுட்டுத்தான் ஊட்டவுட்டுக் கெளம்புவேன். கோல்கீப்பரு கோட்டைமேட்டு ஷைமா, உனக்குத் தெரியுமே, பெருநாளைக்குப் பிரியாணி குடுத்தனுப்புவாளே அவதான். மொத மேட்சுல ஏழு கோல் உட்டுப்போட்டு, போஸ்டக் கட்டிப்புடிச்சுட்டு அழுதா பாரு, எதுத்த டீம்காரிகளே வந்து சமாதானம் பண்ணுனாங்க. பி.டி. மாஸ்டர் நரசிம்மலு சார் ஒரு வார்த்தை திட்டலை, இத்தனை கோல் வாங்குனவிகளுக்குப் பசிக்குமேன்னு எல்லாத்துக்கும் டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாரு. அந்தப் பன்னத் தின்னுட்டு ஆடுனோம் பாரு ஆட்டம்! சத்தியமங்கலத்துல மழைச்சேத்துல உழுந்து பொரண்டு ஜெயிச்சோம், ஈரோட்டுல ஜெயிச்சோம், செமி பைனல்ல கோல் போட்டது என்ற எடது காலு. நான்தான் லெப்ட் அவுட், எடது ஓரத்துல ஓடறவ. பைனலுக்கு வந்துட்டோம்னு எங்களுக்கே நம்பிக்கை வரலை.

அந்தப் பைனல் தேதிதான் உங்க ஈஸ்வரமூர்த்தி மாமன் கல்யாணம், கொடுமுடியில. அவருக்கும் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான், உன்னையாட்டவே. நீ இல்லாம இணைச்சீர் எப்பிடின்னாங்க, நானும் எதுத்துப் பேசலை. பட்டுச்சீலை கட்டி, சீர்க்கூடையத் தூக்கிட்டு அண்ணன் பக்கத்துல நிக்கறேன், மனசு பூராம் கோயமுத்தூர் கிரவுண்டுல கெடக்குது. எங்க டீமு பத்துப் பேரோட ஆடுச்சு. என்ற எடத்துல ஹாக்கி ஆடற புள்ளை ஒருத்திய நிறுத்தலாமான்னு சார் கேட்டதுக்கு, அது செல்வி எடமுங்க சார், சும்மாவே கெடக்கட்டும்னு ஷைமா சொல்லிப்போட்டாளாமா. ஒரே ஒரு கோல்ல தோத்தாங்க. அந்தக் கோலும் எடது பக்கமாத்தான் வந்துது, நான் நிக்க வேண்டிய பக்கம். அடுத்த வருசம் டீமையே கலைச்சுட்டாங்க, எங்களுக்கு வாச்சது அந்த ஒரு வருசந்தான்.

இப்ப கேளு. நீ டிக்கெட் போட்டது தெரிஞ்சதும், இதுக்கு என்ன வழின்னு அருமைக்காரர்கிட்டக் கேக்க மாமனத்தான் அனுப்புனேன். அன்னிக்குக் கொடுமுடியில சீர் செஞ்சு வெச்சாரே, அதே பெரியவரு, இன்னும் தெடமாத்தான் இருக்கறாரு. அதுக்கென்னுங்க, பெரியப்பன் மகளும் கூடப்பொறந்தவதானுங்களே, உங்க கனிஷ்கா தாராளமா நிக்கலாமுங்கன்னு சொன்னாராம். மாமன், அப்பிடின்னா என்ற கல்யாணத்துலயும் ஆயிருக்குமுங்களான்னு கேட்டாராம். ஆயிருக்குமுங்க, ஆருமே கேக்கலீங்களேன்னாராம் அவரு. எங்க பெரியப்பன் மகளும் அன்னிக்கு அங்கயேதான் நின்னுட்டு இருந்தா, வெத்தலத் தட்டத் தூக்கிட்டு! மாமன் ஊட்டுக்கு வந்து இதைச் சொல்லிப்போட்டு, குடுத்த காப்பியக்கூடக் குடிக்காம உக்காந்திருந்தாரு. எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. ஆரக் கோவிக்கறது? அவரும் கேக்கலை, நானும் கேக்கலை. உனக்காவது கேட்டமேன்னு இருக்குது. ஆராச்சும் பேசுனா என்கிட்ட வரச்சொல்லு, நான் பாத்துக்கறேன்னு மாமன் சொல்லிட்டாரு. கனிஷ்கா அதுக்குள்ள ஜாக்கெட்டே தைக்கக் குடுத்துட்டா. உங்கண்ணனும், சீருக்கு அவ நிக்கட்டும், எனக்கு டாக்டர் தங்கச்சிதான் வேணும்னு சொல்றான்.

அதனால மனசப் போட்டு ஒழப்பிக்காத. வைவாவுக்குப் போறப்ப வெறும் வகுத்தோட போகாத, அந்தக் காஞ்ச ரொட்டியா இருந்தாலும் ரெண்டு தின்னுட்டுப் போ. குளுருக்குக் காதக் கட்டிக்க. நீ எல்லாரும் மெச்ச ஜெயிச்சு, நல்லா வாழோணும் கண்ணு, முருகன் தொணை இருப்பான். நீ அங்க பதில் சொல்லிட்டு வெளிய வாரப்ப இங்க மண்டபத்துல பந்தி நடந்துட்டு இருக்கும், ஒடனே வீடியோ கால் போடு, மறந்துபோடாத. ஷைமா எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டா, எங்க டீம்காரிக அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வாராங்க. உனக்குக் கை தட்ட இந்தத் தடவை பதினொண்ணு பேரும் நிப்போம்.

இப்பிடிக்கு
உன்ற அம்மா
அன்புச்செல்வி, லெப்ட் அவுட்