ஐந்து கேள்விகளுக்கும் தவறான பதில்

ரிவர்டன்
ஆகஸ்ட் 20, புதன்

அன்பு மகள் ஷோனாவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா நலம், நாய் நலம், பெர்த்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வழக்கமாக இந்த வரியில் என்னையும் சேர்த்துவிடுவேன். இந்த முறை சேர்க்கவில்லை, காரணம் கீழே.

இன்று காலை பத்தேகால் மணிக்கு உறுதியான செய்தி: திங்கட்கிழமை நான் தொலைபேசியில் கொடுத்த ஐந்து பதில்களும் தவறு என்ற குறிப்பு என் படிவத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. சொன்னவர் மருத்துவமனையின் ஆய்வுச் செவிலியர் நைரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் சேர்ந்து திங்களோடு ஆறு மாதம். பத்தொன்பது நாள் மூச்சுக் கருவியில் கிடந்தவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று அவர்கள் ஆறாம் மாதத்தில் கேட்பது உனக்குத் தெரியாததல்ல. எல்லா ஊர்ப் பதில்களும் பெயர் நீங்கி, வெறும் எண்ணாகி, கடைசியில் வந்து சேர்வது இந்த ஆய்வுக்குக் கணக்குப் பார்க்கும் உன் மேசைக்குத்தானே. நடக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா, வழக்கமான வேலைகள் நடக்கின்றனவா, வலி உண்டா, மனக்கலக்கம் உண்டா என்று அவர் கேட்டார். ஐந்துக்கும் ஒரே பதில் சொன்னேன், சிரமம் எதுவும் இல்லை. மொத்த உடல்நிலைக்கு நூற்றுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்றதற்கு எண்பத்தைந்து என்றேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது.

அம்மா அப்போது ரக்பி மன்ற நிதிக்காக, ரொட்டித் துண்டுகளில் சீஸ் தடவி சீஸ் ரோல் உருட்டிக்கொண்டிருந்தாள், நாற்பது டஜன். கையில் வெண்ணெயோடு வந்து நின்று, எண்பத்தஞ்சா, தினமும் உன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடறது யாரு, நாயா என்று கேட்டாள். நாப்பது வருஷம் ஊரான் பொய்யையெல்லாம் பிடிச்சுப் பத்திரிகையில போட்ட மனுஷன், இப்ப தானே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்திருக்கு என்றும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பக்கத்து வீட்டு அலெக், சிப்பிப் பருவம் முடியப்போகிறது என்று இரண்டு டஜன் சிப்பி கொண்டுவந்தான். அவனும் இரண்டு வருடம் முன்பு அதே பிரிவில் கிடந்து எழுந்தவன்தான், உனக்கு நினைவிருக்கும். அவர்கள் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்றேன். நல்லாயிருக்கேன்னுதான் சொன்னேன், உசுரோட இருந்தா நல்லாயிருக்கோம்னுதானே அர்த்தம் என்றான். சிப்பி மூட்டை தூக்க முடியாமல் படகை விற்றுவிட்டாயே, அதைச் சொன்னாயா என்றேன். அவங்க படகைப் பத்திக் கேக்கலையேப்பா என்றான்.

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. படகில்லாத ஒருவனும் பொத்தான் போட முடியாத ஒருவனும் உன் தாளில் இரண்டு நல்ல முடிவுகளாக நிற்போம். அதைப் பார்த்து யாரோ ஒருவர், தென்கோடியில் பிழைத்தவர்களுக்கு இனி உதவி தேவையில்லை என்று எழுதுவார். கணக்கில் வரும் தவறு உன்னுடையது ஆகாது, ஆனால் உன் கையெழுத்து அதன் கீழே இருக்கும். இன்று காலை நானே நைரியை அழைத்தேன். இந்தப் பக்கத்து ஆம்பளைங்க எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க மிஸ்டர் மீக்கிள், மறுநாள் பொண்டாட்டிங்கதான் போன் பண்ணித் திட்டுவாங்க, நீங்களே பண்ணினது புதுசு என்று சிரித்தார். மறுபடி கேட்டார், சொன்னேன். தபால் பெட்டி வரை நடப்பேன், பிறகு மதில்மேல் உட்கார வேண்டும். செய்தித்தாளில் ஒரு பத்தியை மூன்று முறை படிக்கிறேன். கடையில் விலை போடும் கருவியின் சத்தம் அந்த வார்டின் சத்தமாகவே கேட்பதால், அம்மா சாமான் வாங்கி வரும்வரை காரிலேயே இருக்கிறேன். நூற்றுக்கு நாற்பது என்றேன். இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கீங்க என்றார்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். ஏப்ரலில் விமான நிலையத்தில், போய்ட்டு வாம்மா, நான் நல்லாயிருக்கேன் என்றேனே, பொய் அன்றைக்கே தொடங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்ற பயம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்டாய், நானும் அதையே சொன்னேன். நைரி கேட்டபோதும் நீ கேட்பது போலவே காதில் விழுந்தது, வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளில் எனக்கு நினைவில் நிற்பது ஒன்றுதான். கட்டிலருகே உட்கார்ந்து ரிவர்டனின் கடல் ஓத நேரங்களை நீ வாசித்த குரல். ஏற்றம் இத்தனை மணி, வற்றம் இத்தனை மணி. இப்போது காலையில் நானே அந்த அட்டவணையை உரக்க வாசித்துப் பார்க்கிறேன். அந்தக் குரல் வருவதில்லை. இதுவரை தட்டச்சு செய்தே அனுப்பினேன், கை நடுங்குவதை நீ பார்க்க வேண்டாம் என்று. இதைக் கையால் எழுதுகிறேன். அம்மா இன்றே படமெடுத்து அனுப்புவாள், தாள் தபாலில் வரும். வேலையை விட வேண்டாம். ஆனால் கோடையில் ஒரு மாதமாவது வா. இதை நான் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கார் டயரை மாற்று. உன் மேசைக்கு வரும் எண்களில் என்னைத் தேடாதே, அது முறையல்ல. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும், உன் வேலை நிலைக்க வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

முடிவு தெரியாதவை இரண்டு. என் எந்தப் பதில் பதிவேட்டில் நிற்கும் என்பதை ஆய்வுக்குழு 28ஆம் தேதி வியாழக்கிழமை கூடி முடிவு செய்யும். உன் பதில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, வழக்கம்போல் நீ பேசும்போது. எப்படி இருக்கீங்க அப்பா என்று கேட்டுவிட்டு, இந்த முறை கொஞ்சம் பொறுத்திரு. பதில் சொல்ல எனக்கு நேரமாகும்.

உன் அப்பா,
ஸ்ட்ரூவன் மீக்கிள்