கம்போடியா இல்லாத இ-சிம்

நைனா,

அலுவலக வேலையாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகவேண்டியிருக்கிறது. இன்று மதியம், வெளிநாட்டில் போன் வேலை செய்வதற்கான இ-சிம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தெந்த நாடுகளுக்கு வேண்டும் என்று போன் கேட்டது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

துறைமுக வேலையில் இடுப்பு உடைந்து நீ படுத்த பிறகு, ஒரு நாளைக்கு இருபது தடவை என்னைக் கூப்பிடுவாய். மீட்டிங்கில் இருப்பேன், எண்ணூர் ரயிலில் நசுங்கிக்கொண்டிருப்பேன். "இன்னா பண்ணிகினு கீற?" என்பாய். பதில் சொல்வதற்குள் திட்டத் தொடங்குவாய். சோறு குழைந்துவிட்டது, ஃபேன் கத்துகிறது, பெற்றதே வீண்.

தோழிகளோடு தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று பத்து நாள் டூர் கிளம்பினேன். அப்போதும் இ-சிம்மில் இரண்டு பிளான்கள் இருந்தன. ஒன்று மூன்று நாட்டிலும் வேலை செய்யும். இன்னொன்றில் கம்போடியா இல்லை. விலையில் பெரிய வித்தியாசமில்லை. நான் இரண்டாவதை எடுத்தேன். நாலு நாளாவது உன் குரல் கேட்கக் கூடாது என்றுதான் எடுத்தேன்.

"கம்போடியாவுல சிக்னல் கெடைக்காது நைனா. நாலு நாளுதான்" என்றேன்.

"அப்டியா. சரி, பாத்துப் போ" என்றாய். அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.

அங்கே விடுதியின் வைஃபையைக்கூட என் போனில் போடவில்லை. நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

வியட்நாமில் இறங்கியதும் போன் உயிர் பெற்றது. முதலில் வந்தது, நான் கம்போடியா போன அன்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான்: "எடுக்காதுன்னு தெரியும். சும்மா பேசிப் பாத்தேன்." அதற்கடுத்து உன்னிடமிருந்து எதுவும் இல்லை. பிறகு வந்ததெல்லாம் சொந்தக்காரர்கள் அனுப்பியது. நான் ராயபுரம் வந்து சேர்ந்தபோது உன்னைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. மண்ணின் மேல் கிடந்த மாலைகள்கூட வாடிவிட்டன.

உனக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்ட கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா ரீசார்ஜ் கடை வைத்திருப்பவள். எல்லோரும் போன பிறகு சொன்னாள். "நீ கம்போடியா போன மறாநாளு உங்கப்பா கேட்டாரு, அந்த ஊர்ல சிக்னலே இல்லியாமேன்னு. நீ சொன்னதுன்னு எனக்கு இன்னா தெரியும்? யாரு சொன்னது, அந்த ஊருக்கும் சேத்துப் போட்டா எடுக்குமேன்னு சொல்லிட்டேன். அப்பறம் போனத் தூக்கி அலமாரி மேல வெக்கச் சொன்னாரு."

அலமாரியின் மேல்தட்டு உனக்கு எட்டாது.

உனக்கு நெஞ்சு வலித்த அன்று, தோழிகள் யாருடைய நம்பராவது தேடிப் பிடிக்கிறேன் என்று அவள் பதறியிருக்கிறாள். "வேணாம். அது சந்தோஷமா கீது, உடு" என்றாயாம். பார்க்க வந்த அத்தை "பொண்ணு எங்க?" என்று கேட்டதற்கு, "சிக்னல் இல்லாத ஊருக்குப் போயிருக்குது, அது இன்னா பண்ணும்" என்றாயாம்.

இன்றைக்கும் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்கிறார்கள். "உன் மேல இன்னாம்மா தப்பு? அந்த ஊரு அப்டி."

நான் தலையாட்டுகிறேன், நைனா.