தியேட்டரில் நான் சிரித்தது

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.

அன்பு மகன் நீலுக்கு அப்பா எழுதுவது. ஆரோக்கிய மாதா தயவில் நானும் அம்மாவும் லீனாவும் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனியில் உன்னையும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளையும் அவள் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் தங்கைக்கு பொம்மசந்திரா கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, விடியும் முன்பே பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் இன்னும் விடவில்லை. கம்பளி சாக்ஸ் தனிப் பார்சலில் வருகிறது. போனில் பேசுகிறவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய், இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடா.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவையும் நம் கோயில்காரர்களையும் பக்கத்து வீட்டு வெங்கடகிருஷ்ணனையும் ஒரு பட்டாளப் படத்துக்கு அழைத்துப் போனேன். மலை உச்சியில் தனியாக ஒரு முகாம், சுற்றி எதிரி, உள்ளே கொஞ்சம் சிப்பாய்கள். என் மகனும் இப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறான் என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். படத்தில் குண்டு விழத் தொடங்கியதும் ஒரு சிப்பாய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுருண்டு, காதைப் பொத்திக்கொண்டு அழுதான். தியேட்டரே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். "இவனெல்லாம் அம்மா மடியிலயே இருந்திருக்கலாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா எழுந்து போனாள். பாத்ரூமுக்கு என்று நினைத்தேன். படம் முடிந்து வந்தால் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி என்று நானும் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "உங்க புள்ளயும் அப்படித்தாங்க அழுதான்."

மழைக்கு முன்னால் உங்கள் போஸ்ட் பக்கம் குண்டு விழுந்ததே, அடுத்த நாள் நீ அவளைக் கூப்பிட்டாயாம். பல் அடித்துக்கொண்டதில் உன்னால் பேச முடியவில்லையாம், நீ அடங்கும்வரை அவள் சமையலறையில் நின்று போனிலேயே ஜெபமாலை சொன்னாளாம். அந்த நேரம் நான் ஹாலில் டிவி செய்தி பார்த்துக்கொண்டு, நம்ம பையன் அங்கேதான் இருக்கான், ஒருத்தனையும் விடமாட்டான் என்று வெங்கடகிருஷ்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லாதம்மா, சிரிப்பாருன்னு சொன்னான்" என்றாள். நீ சொன்ன மாதிரியே சிரித்துவிட்டுத்தானே வந்து நிற்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை டீக்கடையில் வெங்கடகிருஷ்ணன் நான் சொன்ன அந்த வார்த்தையையே நடித்துக் காட்டினார், நாலு பேர் சிரித்தார்கள். அப்படிப் பேசாதீங்க சார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் பல்லைக் காட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன். தெரிந்த பிறகும் இப்படி. வந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ரத்தம் எடுக்க ஊசி குத்தினாலே கண்ணை மூடிக்கொண்டு அம்மா கையைப் பிடிக்கிறவன் நான், நீ எங்கே நிற்கிறாய் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தேனா.

சொன்னதற்காக அம்மாவிடம் கோபப்படாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் துணியோடு இருக்காதே, கழுத்தில் இருக்கும் மாதா உத்தரியக் கயிற்றைக் கழற்றாதே. உன்னோடு யாராவது பயந்து அழுதால் பக்கத்தில் போய் உட்கார், என்னைப் போல இராதே. ஆண்டவர் உன்னை முழுசாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். மறக்காமல் ஒன்று செய், அடுத்த முறை போன் எடுக்கும்போது என் நம்பருக்கும் போடு. பயமாக இருந்தால் பயம் என்றே சொல். எனக்கு ஜெபமாலை அம்மா அளவுக்கு ஒழுங்காக வராது. ஆனாலும் போனை வைக்கமாட்டேன்.

உன் அப்பா,
ரெமிஜியஸ்