பொன்வாயில் வளாகத்து வெள்ளைக் காளையின் வழக்கு

நலம் பெருகுக, நெல் பெருகுக. ஆழிமங்கல நாட்டின் ஆறு துறையும் அறுபது சுங்கவாயிலும் காத்தருளும் கோ இளந்திரையப் பெருமானடிகள் திருவுள்ளப்படி, ஓலைநாயகம் வேட்கோவரையர் எழுதுவித்த ஓலை. பொன்வாயில் வளாகத்து மனையுடையார் சபையின் தலைவரும், ஏழு வண்டியும் அவற்றை நிறுத்த ஒரே ஒரு கொட்டிலும் உடையவருமான மாநாய்கர் கூத்தபிரானார் கண்டுகொள்க. தங்கள் மனையும் மக்களும் நலமே என்று நம்புகிறோம். தங்கள் காளையின் நலம் குறித்துத்தான் சற்று விரித்து எழுத நேர்ந்தது.

வீதிக் கண்காணி சாத்தன் தங்கள் வெள்ளைக் காளையை யானையை விட்டு இழுக்கச் செய்து கொன்றான் என்றும், கண்காணிக்கோலைப் பறித்து அவனை நாடு கடத்த வேண்டும் என்றும் தாங்கள் விடுத்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. காளைக்கொலை சிறு குற்றமா என்ன? சாத்தன் உடனே அழைக்கப்பட்டான். பன்னிரண்டு ஆண்டு பிடித்துத் தேய்ந்த கோலை அவை நடுவே வைத்துவிட்டு, வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பாவம், மனைவி அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாளாம்.

தங்கள் சபையின் விதியை அவன் ஒரு மூச்சில் ஒப்பித்தான். நுகத்தில் மாடு பூட்டியிருந்தால் அது ஓடும் வண்டி. மாட்டை அவிழ்த்துவிட்டால் அது நிற்கும் வண்டி. நிற்கும் வண்டி ஒரு நாழிகைக்கு மேல் வீதியில் கிடந்தால், சபையின் யானை அதை இழுத்துச் சென்று அரைக்காதத்துக்கு அப்பால் வேலங்காட்டில் விடும். உடையவர் நடந்துபோய் மீட்டுக்கொள்ள வேண்டும். இவ்விதியை எழுதியவர் தாங்களே என்பதையும் மறவாமல் சொன்னான்.

சென்ற ஆவணியில் தங்கள் மகளுக்குப் பேறு பார்க்க மருத்துவிச்சி நக்கையார் வந்தார். கொளுத்தும் வெயிலில் நுரை தள்ளிய மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு உள்ளே ஓடினார். நாழிகை கடந்தது. இழுக்கச் சாத்தனுக்கு மனம் வரவில்லை. தங்களிடமே வந்து கெஞ்சினானாம். தாங்களோ, இன்று இவருக்கு விட்டால் நாளைக்கு ஊரில் உள்ளவர்களெல்லாம் பேறுகாலம் என்று வந்து நிற்பார்கள், போய் இழுடா என்றீர்களாம். இழுத்தான். தங்கள் பேத்தியைக் கையில் ஏந்திய அந்த அம்மையார், மாட்டைப் பிடித்துக்கொண்டு வேலங்காடுவரை நடந்தார். அதைச் சொல்லும்போது சாத்தன் அவையில் அழுதுவிட்டான்.

அதற்குப் பின்தான் தங்கள் ஏழாவது வண்டி அவன் கண்ணில் பட்டது. நாற்பது நாளாக ஒரே இடம்; நுகத்தில் கழுத்துமணி கட்டிய வெள்ளைக் காளை. பூட்டிய மாடு, ஆகவே ஓடும் வண்டி என்று அவனும் கடந்து போனான். ஒருநாள் அதன் கண்மணி மேலேயே ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. காளை இமைக்கவில்லை. சாத்தன் கோலால் முதுகில் தட்டினான், டொக்கென்றது. தலைவர் வண்டியாயிற்றே என்று முதலில் திரும்பி நடந்தானாம். நக்கையார் நடந்த நடை நினைவுக்கு வரவே, யானையைக் கொண்டுவரச் சொன்னான். இழுத்த இழுப்பில் காளையின் தலை கழன்று தங்கள் வாசலிலேயே உருண்டது.

இருப்பினும் தங்கள் சொல்லை நாம் தட்டவில்லை. அரண்மனைக் கால்நடை மருத்துவரை அனுப்பி இறந்த காளையைச் சோதித்தோம். காளை பலாமரத்தாலானது, முன்பே கரையான் நோய் கண்டிருந்தது என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஆயினும் உயிருள்ள காளை என்று தாங்கள் ஆணையிட்டு எழுதியிருக்கிறீர்கள். மாநாய்கர் பொய் சொல்வாரா? அது உயிருள்ளதே என்று பெருமானடிகள் ஏற்றருளினார்.

ஏற்றபின், அந்த வாயில்லா உயிரை நாற்பது நாள் புல்லும் நீரும் காட்டாமல் நுகத்தில் வாட்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. மாட்டைப் பட்டினி போட்டவன் அத்தனை நாள் தானே நுகம் தாங்குக என்பது நம் நாட்டுப் பழைய கட்டளை.

ஆகவே, நாளை முதல் நாற்பது நாள், மருத்துவிச்சி நக்கையார் பேறு பார்க்கப் போகும் வீடுகளின் வாசலில், அவர் மாடு நிழலில் இளைப்பாற, அவர் வண்டி நுகத்தில் தாங்கள் கழுத்து வைத்து நிற்க. அவ்வண்டி ஓடும் வண்டியாகவே கொள்ளப்படும். சாத்தனிடம் கோல் திருப்பித் தரப்பட்டது. நாழிகைக்கு ஒருமுறை அவன் வந்து பார்ப்பான். தாங்கள் இமைக்காமல் நிற்பதாக அவனுக்கு ஐயம் தோன்றினால், முதுகில் தட்டிப் பார்க்க அவனுக்கு அதிகாரம் உண்டு.

இரட்டை நங்கூர இலச்சினை ஒற்றினோம். இவ்வோலை கண்ட பொழுதே கட்டளை நடப்பதாக.