பின்மூடியைத் திறக்காமல் திருப்பிய கிட்டார்

ஏலே செல்வம், என் மாமா,

உன் பேஸ் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை இடக்கைக்கு மாற்றிவிட்டேன். ஆனால் முதுகுப் பக்க மூடியை மட்டும் தொடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னோடு சேர்ந்து ஊரும் படிக்கட்டும்.

வீட்டில் தெலுங்கு பேசுகிற என்னை நீ மாப்ள என்றாய், நான் உன்னை மாமா என்றேன். சாதிப்படி அந்த முறை நமக்குள் வராது. இடக்கைக்காரன் நான், கச்சேரி இடைவேளைகளில் உன் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவேன். "ஏலே நொட்டாங்கை, நீ வாசிச்சா பாட்டு வந்த வழியே திரும்பிப் போவுதுலே" என்பாய்.

நீ செத்த அன்று எனக்கு மில்லில் ஷிப்ட். நரிக்குடிப் பக்கத்தில் உன் குழுவுக்குக் கோயில் கச்சேரி. சாயங்காலம் அங்கிருந்து போன் பேசினாய்.

"ஆம்ப்ளிஃபையர் உர்ருன்னு எரையுதுன்னு மொதலாளி பிளக்குல நடுக்காலை ஒடிச்சுட்டாரு மாப்ள. இப்ப சுத்தமா இருக்கு."

"அது எர்த்துலே. வேற பிளக்கு போடச் சொல்லு. செருப்பையாவது கழட்டாம நில்லு."

"கோயில் வாசல்ல எவன் செருப்பு போட விடுவான்? வந்துட்டாரு பெரிய வயர்மேன்!"

அதுதான் நீ என்னோடு கடைசியாகச் சிரித்தது.

மேடையில் இடமில்லை என்று உன்னைக் கீழே நிறுத்தினார்களாம். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்காலி போட்டு உட்கார அதே மேடையில் இடம் இருந்திருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் உனக்கு மட்டும் எப்படி இடமில்லாமல் போகிறது? புழுதி அடங்க லாரித் தண்ணீர் தெளித்த தரை அது. நடுக்கால் ஒடிந்த ஆம்ப்ளிஃபையரில் கசிந்த கரண்ட் பூமிக்குப் போக வேறு வழியில்லாமல், வயரில் ஏறித் தந்திக்கு வந்து, உன் விரல் வழியாக அந்த ஈரத்துக்குப் போயிருக்கிறது. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். எனக்கு இதில் சந்தேகம் இல்லை. என் சந்தேகமெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

மறுநாள் அதே மேடையைக் கழுவிவிட்டுப் பட்டிமன்றம் நடத்தினார்கள். ஆம்ப்ளிஃபையர் வேறு ஊர்க் கச்சேரிக்குப் போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் உன் கிட்டாரை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. குழு முதலாளி மட்டும் எல்லோரிடமும் ஒரே கதை சொன்னார்: நீயே கிட்டாரைக் கழற்றி நோண்டி, உள்ளே வயரைத் தப்பாக வைத்துவிட்டாய்.

எம்.ரெட்டியபட்டியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கிட்டாரை என் மடியில் வைத்தார். "அவன் நோண்டித்தான் செத்தான்னு அவுக சொல்றாக. என் பிள்ளையே அவன் உயிரை எடுத்துக்கிட்டானாய்யா?"

அந்தக் கேள்வியோடுதான் அத்தை இத்தனை நாளும் தூங்கப் போனார், மாமா. அது உனக்குத் தெரியுமா?

கிட்டார் என்னிடம் வந்த அந்த வாரமே முதலாளி என் வீட்டுக்கு வந்தார். உன் காரியத்துக்குத் தலைகாட்டாத மனிதர். கையில் புதுத் தந்திகள்.

"இடக்கைக்கு மாத்திக்க தம்பி. செல்வம் ஞாபகமா நம்ம குழுவுலயே வாசி."

"மாத்திக்கிறேன் அண்ணே."

"கம்பியை மட்டும் மாத்துனா பத்தாது, பாத்துக்க. உள்ள வயரையும் பூராப் புடுங்கி எதிர்ப்பக்கமா ஒட்டணும். நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். குடு, நானே எடுத்துட்டுப் போயி முடிச்சுத் தாரேன்."

"இருக்கட்டும்ணே, நானே பாத்துக்கிறேன்."

"ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். என் அம்மா கொடுத்த காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

இடக்கைக்கு மாற்ற உள்ளே ஒரு வயரையும் தொட வேண்டியதில்லை. தலைமுடி நரைக்கும்வரை குழு நடத்தியவருக்கா அது தெரியாது? பிறகு ஏன் அந்த அக்கறை? யோசித்துக்கொண்டே கிட்டாரைக் கவிழ்த்து டார்ச் அடித்தேன். பின்மூடியில் நான்கு திருகாணிகள். கம்பெனியில் பூசிய கறுப்புப் பெயிண்ட் அவற்றின் தலைப் பள்ளங்களில் அப்படியே அடைத்துக் கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை.

நீ அதைத் திறக்கவே இல்லை, மாமா. யாருமே திறந்ததில்லை. அவருடைய ஆள் ஒருமுறை திறந்து வயரைப் பற்றவைத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் உள்ளே இருப்பது உன் வேலையா, அவர்கள் வேலையா, என் வேலையா என்று எவன் சொல்ல முடியும்?

அதனால் வெளியே மட்டும் மாற்றினேன். தந்திகளைக் கழற்றி, தடித்தது இருந்த இடத்தில் மெல்லியதையும் மெல்லியது இருந்த இடத்தில் தடித்ததையும் வரிசை மாற்றிப் போட்டேன். கழுத்து உச்சியில் தந்திகள் உட்காரும் வெள்ளைக் கட்டையில் தடித்த தந்தி இறங்கவில்லை. சின்ன அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். தோளில் மாட்டும் வாரைக் கிட்டாரின் கீழ்க்கொம்புக்கு மாற்றினேன். இப்போது சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் மேல்பக்கம் வந்து, வாசிக்கும்போது முழங்கையில் இடிக்கின்றன. சத்தம் தானாகக் குறைந்துபோகிறது. நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். இடித்தால் இடிக்கட்டும். முதலாளி தந்த தந்திகள் பிரிக்காமல் கிடக்கின்றன. உன் பழைய தந்திகளையே போட்டிருக்கிறேன்.

நேற்று அத்தையிடம் திருகாணிகளைக் காட்டினேன். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "அப்ப அவன் நோண்டல" என்றார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். பிறகு வெகுநேரம் அழுதார்.

திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்கும் நாள். அத்தையும் நானும் கிட்டாரோடு விருதுநகருக்கு பஸ் ஏறுகிறோம். எல்லோர் முன்னாலும் இதைத் திறந்து பாருங்கள், பிறகு அந்த ஆம்ப்ளிஃபையரையும் அதன் பிளக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறோம். பிளக்கை இதற்குள் மாற்றியிருப்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

"தொறந்து பாத்துட்டு, எல்லாம் அவன் தப்புதான்னு அவுகளும் சொல்லிட்டா என்னய்யா செய்ய?" என்று அத்தை கேட்டார்.

"அடுத்த திங்கக்கிழமையும் போவோம் அத்தை."

"பஸ்ஸுல இதை ஏத்துவாகளா?"

"ஏத்தலைன்னா லோடு ஆட்டோ பிடிப்போம்."

உனக்கு ஒரு வாக்கு, மாமா. அவர்கள் திறக்கும்வரை நான் திறக்க மாட்டேன். வேறு எவன் கையும் பட விடமாட்டேன். திறந்த பிறகு, உன் அம்மா பார்த்து முடிக்கும்வரை, யாரையும் அவசரமாக மூடவும் விடமாட்டேன்.

முறையில்லாத முறையில்
உன் மாப்ள,
பிரபு
அருப்புக்கோட்டை